படுத்திருக்கும் அத்தைக்கு முதுகில் ஸ்பிரிட் தேய்க்கலாமா?

நெல்லைப்பெண் | திங்கள், காலை 10.12

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், சுத்தி வளைக்காம கேட்டுடுறேன்.

அத்தைக்கு 79 வயசு. போன மாசம் குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு, இடுப்பு மூட்டுப் பந்து மட்டும் மாத்தி ஆபரேஷன் ஆகி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சு. சர்க்கரை இருக்கு. நடக்க இன்னும் பயம், அதனால முக்கால்வாசி நேரம் படுக்கைதான். பகல்ல பார்த்துக்க ஒரு அக்கா வர்றாங்க. நல்லவங்க, குறை சொல்ல வரலை. ஆனா தினமும் காலையில முதுகு முழுக்க ஸ்பிரிட் போட்டு அழுத்தித் தேய்ச்சு, மேல பவுடர் கொட்டுறாங்க. கேட்டா, "ஆஸ்பத்திரில காலங்காலமா இதான், புண்ணே வராது"ங்கிறாங்க.

நேத்து துணி மாத்தும்போது பார்த்தேன், வால் எலும்புக்கு மேல ஒரு இடம் மத்த தோலைவிடக் கருத்திருக்கு. தோல் கிழியலை. வீட்டுக்காரர் வயசானா வர்ற தேமல்ங்கிறார். அத்தை எங்கிட்ட காட்டவே கூச்சப்படுறாங்க. இது படுக்கைப் புண்ணோட ஆரம்பமா? ஸ்பிரிட்டை நிறுத்தச் சொல்லவா?

---

சிஸ்டர்_ஓய்வு | திங்கள், காலை 11.05

அம்மாடி, முதல்ல ஸ்பிரிட்டை நிறுத்து. மத்ததை அப்புறம் பேசலாம்.

அந்த அக்கா பொய் சொல்லலை. நாங்க படிக்கும்போது 'பேக் கேர்'னு தனிப் பாடமே உண்டு. காலையில டிரேயில சோப்பு, வெந்நீர், ஸ்பிரிட், பவுடர் எல்லாம் அடுக்கி, வார்டு முழுக்க ஒவ்வொருத்தரா திருப்பிப் போட்டுத் துடைச்சு, தேய்ச்சு, பவுடர் போட்டு, விரிப்பைச் சுருக்கம் இல்லாம இழுத்துச் சொருகணும். தேய்க்குற விதங்களோட பேரையே நாலஞ்சு மனப்பாடம் பண்ணினோம். தேய்ச்சா ரத்த ஓட்டம் வரும், ஸ்பிரிட் போட்டா தோல் கெட்டிப்படும்ங்குறது அன்னைக்கு நம்பிக்கை.

இப்போ அது மாறிடுச்சு. ஸ்பிரிட் தோல்ல இருக்குற கொஞ்சநஞ்ச எண்ணெய்ப் பசையையும் உறிஞ்சிடும். வயசானவங்களுக்கு அது ஏற்கெனவே குறைவு. எலும்புக்கு மேல ரத்த ஓட்டம் தடைப்பட்டு வலுவிழந்திருக்குற இடத்தை அழுத்தித் தேய்ச்சா, உள்ளுக்குள்ள இருக்குற சதை இன்னும் நசுங்கும். புண் வர வாய்ப்புள்ள தோலைப் பலமா தேய்க்கக் கூடாதுன்னு 2019-ல வந்த சர்வதேச வழிகாட்டுதல்லயும் தெளிவா இருக்கு. பவுடர் வேர்வையோட சேர்ந்து கட்டியாகி மடிப்புல உராயும்.

ஆனா அந்தப் பழைய முறையில ஒரு நல்லது இருந்துச்சு. தினம் ஒரு நர்ஸ் அந்த முதுகை முழுசாப் பார்த்துடுவா. புண் வராம இருந்ததுன்னா அதுக்குக் காரணம் பார்த்ததும் திருப்பிப் போட்டதும்தான். பேர் வாங்கிட்டுப் போனது ஸ்பிரிட். அதனால அந்த அக்காகிட்ட "தேய்க்காதீங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு விட்டுடாதே. காலைல அரை மணி நேரம் அவங்க ஒதுக்குறதை அப்படியே வச்சுக்கோ.

இப்போ நீ பார்க்க வேண்டியது: அந்த இடத்தை விரலால மூணு விநாடி அழுத்தி எடு. நிறம் வெளிறித் திரும்புதா, அப்படியே நிக்குதா? சுத்தி இருக்குற தோலைவிடச் சூடா இருக்கா? கெட்டியா, இல்ல கொழகொழன்னு இருக்கா? தொட்டா வலிக்குதாம்மான்னு அவங்களைக் கேளு. பார்த்துட்டு எழுது.

---

இரவுப்பணி_லெஸ்டர் | திங்கள், மதியம் 2.40

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று. நான் இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். பாடப்புத்தகப் படங்கள் எல்லாம் வெள்ளைத் தோலில் சிவப்புத் திட்டு. நம்முடைய நிறத்தில் அந்தச் சிவப்பு தெரியவே தெரியாது. கருநீலமாகவோ, பக்கத்துத் தோலைவிட ஒரு படி கருப்பாகவோ, சில நேரம் வெறும் மினுமினுப்பாகவோதான் தெரியும். அழுத்திப் பார்க்கும் சோதனையும் கருத்த தோலில் பல நேரம் ஏமாற்றும். அதனால் கண்ணைவிடக் கையை நம்புங்கள். புறங்கையை அந்த இடத்திலும், ஒரு சாண் தள்ளியும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். சூடு வித்தியாசம் தெரிந்துவிடும். டியூப்லைட்டைவிட ஜன்னல் வெளிச்சம் நல்லது.

பார்க்க வேண்டிய மற்ற இடங்கள்: இரண்டு குதிகால், கணுக்கால் முட்டி, இடுப்பின் இரு பக்கம், தோள்பட்டை எலும்பு, முழங்கை, பின்னந்தலை, காது மடல். இடுப்பு ஆபரேஷன் ஆனவர்களுக்கு அந்தக் காலின் குதிகால் ரொம்ப முக்கியம். வலிக்குப் பயந்து காலை அசைக்கவே மாட்டார்கள். சர்க்கரையும் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைவு. வலி வந்து எச்சரிக்கும் என்று காத்திருக்க முடியாது.

---

நெல்லைப்பெண் | திங்கள், மாலை 6.30

பார்த்துட்டேன். அழுத்தினா மாறலை. பக்கத்தைவிடச் சூடு தெரியுது. லேசா கெட்டி. தொட்டதும் "ஸ்ஸ்"னாங்க, இத்தனை நாள் சொல்லவே இல்ல. குதிகால் சொன்னீங்களே, ஆபரேஷன் ஆன காலோட குதிகால்ல தோல் வெடிச்சு வறண்டு இருக்கு, கருப்பு எதுவும் இல்ல.

---

சிஸ்டர்_ஓய்வு | திங்கள், இரவு 8.15

அப்போ தேமல் இல்ல. படுக்கைப் புண்ணோட முதல் நிலைன்னு எடுத்துக்கிட்டு வேலையைப் பாரு. தோல் கிழியாத வரைக்கும் இதைத் திருப்பிக் கொண்டுவர முடியும். ஆனா கன்னங்கரேல்னோ, ஊதாவாவோ மாறினாலும், ரத்தக் கொப்புளம் வந்தாலும் அது மேல தெரியுறதைவிட உள்ளே பெரிசா இருக்கும். அன்னைக்கே டாக்டர்.

முதல் மருந்து, அந்த இடத்துல பாரம் இல்லாம பார்த்துக்குறது. முதுகைச் சாய்ச்சு நிமிர்ந்து இருக்குறது சாப்பிடுற நேரத்துக்கு மட்டும். மத்த நேரம் பக்கவாட்டுல, அதுவும் முழுசா ஒருக்களிச்சு இல்ல. முதுகுக்குப் பின்னால தலையணை கொடுத்து முப்பது டிகிரி சாய்வு. முழுசா ஒருக்களிச்சா வால் எலும்புல இருந்து பாரம் இடுப்பு எலும்புக்குப் போய் அங்க புண் வரும். ரெண்டு மணிக்கு ஒரு தடவை மாத்து. கெண்டைக்கால் நீளத்துக்கு ஒரு தலையணை வச்சு, குதிகால் காத்துல நிக்கணும். விரிப்புக்கும் குதிகாலுக்கும் நடுவுல ஒரு தாள் சொருகிப் பாரு, தடங்கல் இல்லாம போகணும்.

தலைமாட்டை ரொம்பத் தூக்கி வைக்காதே. தூக்கினா உடம்பு கீழ்ப்பக்கம் சறுக்கும். தோல் விரிப்போட ஒட்டிக்கிட்டு அங்கேயே நிக்கும், உள்ள எலும்பு மட்டும் நகரும், நடுவுல இருக்குற ரத்தக் குழாய் முறுக்கிக்கும். பாதிப் புண்ணு இதனாலதான் வருது, யாரும் சொல்றதில்ல. சாப்பாட்டுக்கு உக்கார வச்சு, சாப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சு முப்பது டிகிரிக்குக் கீழ இறக்கிடு.

காத்தடிச்ச வளையம், டோனட் மாதிரி நடுவுல ஓட்டை இருக்குற குஷன், இதெல்லாம் யாராவது வாங்கிட்டு வருவாங்க. வேண்டாம். ஓட்டையைச் சுத்தி அழுத்தி, நடுவுல ரத்தம் போகாம பண்ணிடும்.

---

பிசியோ_மதுரை | திங்கள், இரவு 9.20

திருப்புறதைப் பத்தி ஒரு எச்சரிக்கை. பந்து மாத்தின கேஸ். ரெண்டு காலுக்கும் நடுவுல தடிமனான தலையணை இல்லாம திருப்பவே கூடாது. கால் மேல கால் விழக்கூடாது, பாதம் உள்பக்கம் மடங்கக் கூடாது, இடுப்பு தொண்ணூறு டிகிரிக்கு மேல மடங்கக் கூடாது. பந்து கழண்டுக்கும். ஆபரேஷன் ஆகாத பக்கம் திருப்புறது பாதுகாப்பு. இன்னொரு பக்கம் திருப்பலாமான்னு ஆபரேஷன் செஞ்ச டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

இன்னொண்ணு, எல்லாரும் படுக்கையில எப்படித் திருப்புறதுன்னே பேசிட்டிருக்கோம். இவங்களை எழுப்பி நிக்க வைக்கணும். டாக்டர் தடை சொல்லலைன்னா வாக்கர் பிடிச்சு நாலு அடி. நாற்காலியில உக்கார வச்சா, அது உயரமான நாற்காலியா இருக்கட்டும், அடியில நல்ல ஃபோம். ஒரு மணி நேரத்துக்கு மேல ஒரே மாதிரி உக்கார விடாதீங்க, நடுவுல கால் மணிக்கொரு தடவை கைப்பிடியை ஊன்றி லேசா எழும்பச் சொல்லுங்க. நாற்காலியில உக்காந்தா பாரம் படுக்கையைவிடக் கொஞ்ச இடத்துல குவியும். "நாள் முழுக்க சேர்ல உக்காந்துதான் இருக்காங்க, எப்படிப் புண் வந்துச்சு"ன்னு கேக்குற வீடு நிறைய.

---

வைத்தியர்பேரன் | செவ்வாய், காலை 7.02

எதற்கெடுத்தாலும் வெளிநாட்டு வழிகாட்டுதல். நம் பாட்டிமார் படுத்த படுக்கையானபோது வாழையிலையில் கிடத்தினார்கள், வேப்பிலை போட்டுக் காய்ச்சிய நீரில் துடைத்தார்கள், நல்லெண்ணெய் தடவினார்கள். ஸ்பிரிட் இங்கிலீஷ் மருத்துவம் கொண்டுவந்ததுதானே? மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்துப் போட்டால் ஆறாத புண் உண்டா?

---

இரவுப்பணி_லெஸ்டர் | செவ்வாய், காலை 11.48

ஸ்பிரிட் அவர்கள் கொண்டுவந்ததுதான், அதில் சண்டையே இல்லை. எண்ணெய் விஷயத்திலும் பாதி உங்கள் பக்கம் இருக்கிறேன்.

முதிய தோலுக்கு எண்ணெய்ப் பசை வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லங்களில் செய்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், கை கால்களில் தினம் இருமுறை மாய்ஸ்சரைசர் பூசியவர்களுக்குத் தோல் கிழிவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. விலை உயர்ந்த க்ரீம்தான் வேண்டும் என்பதில்லை. பிலிப்பைன்ஸில் 2004-இல் வந்த ஒரு சின்ன ஆய்வு, வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலுக்கு இணையாக வேலை செய்வதைக் காட்டியது. வெள்ளை வாசலினும் போதும். உடம்பைத் துடைத்து ஈரம் முழுக்கக் காய்வதற்குள், முடி வளரும் திசையில் மெல்லப் பூச வேண்டும். தேய்க்க வேண்டாம். நெல்லைப்பெண், அந்தக் குதிகால் வெடிப்புக்கு யூரியா கலந்த க்ரீம் நல்லது. கால் விரல் இடுக்கில் மட்டும் எதுவும் பூசாதீர்கள், சர்க்கரைக்காரர்களுக்கு அங்கே ஈரம் நின்றால் பூஞ்சை வரும். உள்ளங்காலில் எண்ணெய் தடவிவிட்டு வாக்கர் பிடிக்க வைத்தால் இன்னொரு இடுப்பு முறியும்.

திறந்த புண்ணில் மஞ்சள், வேப்பிலை விழுது, எதுவும் வேண்டாம். சுத்தமில்லாத பொடி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். புண்ணின் நிறமே தெரியாமல் போய், டாக்டருக்கும் கணிக்க முடியாது. ஹைட்ரஜன் பெராக்சைடையும் தினமும் ஊற்றாதீர்கள். நுரை வருவதைப் பார்த்தால் சுத்தமாகிறது போல இருக்கும், புதிதாக வளரும் சதையையும் சேர்த்தே எரிக்கும். நார்மல் சலைன் (மருத்துவ உப்பு நீர்) போதும்.

இன்னொரு செய்தி: பூசும் களிம்பும் எண்ணெயும் துணியில் ஊறிக் காய்ந்தால் அந்தத் துணி சட்டென்று தீப்பிடிக்கும். பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2018-இல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. கட்டில் பக்கத்தில் கொசுவத்தி, விளக்கு, பீடி பிடிக்கும் தாத்தா இருக்கும் வீடுகள் கவனிக்க வேண்டும்.

---

வைத்தியர்பேரன் | செவ்வாய், மதியம் 12.30

தேங்காய் எண்ணெயை ஒப்புக்கொண்டீர்களே, அது போதும் 🙂 வாழையிலையை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

---

இரவுப்பணி_லெஸ்டர் | செவ்வாய், மதியம் 12.41

வாழையிலை ஒட்டாது, குளிர்ச்சி, அதனால் தீக்காயத்துக்கு இந்தியாவிலேயே டாக்டர்கள் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். பாரத்தை அது தாங்காது. இலை மேல் படுத்தாலும் இரண்டு மணிக்கொரு முறை திருப்பத்தான் வேண்டும்.

---

வீட்டுவேலை_கலா | செவ்வாய், இரவு 10.55

நான் இந்த வேலதான் பாக்குறேன், பன்னெண்டு மணி நேர டூட்டி. படிச்சவங்க எல்லாரும் எழுதிட்டீங்க. எங்க பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்க.

ரெண்டு மணிக்கு ஒருக்கா திருப்புன்னு சொல்றீங்க. எழுபது கிலோ ஆளை ஒத்தையா எப்படித் திருப்ப? தோளைப் பிடிச்சு இழுத்தா கை வரும், தோல் வெங்காயச் சருகு மாதிரி கையோட வந்துரும். நான் என்ன செய்வேன்னா, பழைய பருத்திப் பொடவைய நாலா மடிச்சு தோள்ல இருந்து தொடை வரைக்கும் குறுக்கப் போட்டிருப்பேன். அதைப் பிடிச்சுத்தான் உருட்டுவேன். கட்டில் மேல ஏத்தி இழுக்கணும்னா வீட்டாள் ஒருத்தர் அந்தப் பக்கம் பிடிச்சே ஆகணும். வரமாட்டேன்னா நான் இழுக்க மாட்டேன், சொல்லிருவேன். விரிப்போட சேத்து ஆளைத் தூக்கணும், தரதரன்னு இழுக்கப் படாது.

வேல ஆரம்பிக்கும்போது வளையல், மோதிரம், கைக்கடிகாரம் கழட்டிருவேன். நகம் ஒட்ட வெட்டிருவேன். எத்தனை வீட்டுல மருமக கையில கல்லு வச்ச மோதிரம் போட்டுட்டு மாமனாரத் தூக்கி முழங்கை கிழிஞ்சிருக்கு.

ஸ்பிரிட்டு பத்தி. எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது அது. நிறுத்துன்னா நிறுத்திருவோம். ஆனா வீட்டுக்காரங்க என்ன நினைக்காங்கன்னா, கண்ணு முன்னாடி தேய்ச்சாத்தான் வேல செய்யுறோம்னு. சும்மா திருப்பிப் போட்டுட்டு உக்காந்தா "பொழுதன்னைக்கும் போன் பாக்கா"ன்னு சொல்லு. அதனால ஒரு நோட்டு வையுங்க. எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினேன், தோலு எப்படி இருக்கு, மோசன் போச்சா, எல்லாம் எழுதிருவேன். ராத்திரி பாக்குறவங்களும் எழுதட்டும். அப்பத் தெரியும் பகல்ல வந்த புண்ணா ராத்திரி வந்த புண்ணான்னு.

---

நெல்லைப்பெண் | செவ்வாய், இரவு 11.20

கலாக்கா, கடைசி வரி எனக்குத்தான்னு தெரியுது 😅 ராத்திரி நாங்க யாரும் எழுந்திரிக்கிறதே இல்ல. பத்து மணிக்குப் படுக்க வச்சா ஆறு மணிதான். அதுக்காக அலாரம் வச்சு ரெண்டு மணிக்கொரு தடவை எழுப்பினா அத்தை தூங்கவே முடியாதே?

---

சிஸ்டர்_ஓய்வு | புதன், காலை 6.10

எட்டு மணி நேரம் ஒரே பக்கம்னா, பகல்ல செஞ்சதெல்லாம் வீண். நல்ல அடர்த்தியான ஃபோம் மெத்தைன்னா ராத்திரி நாலு மணி நேரம் வரைக்கும் இடைவெளி விடலாம்னு இப்போ ஒத்துக்குறாங்க, ஆனா அது தோல்ல மாற்றம் எதுவும் இல்லாதவங்களுக்கு. உங்க அத்தைக்கு அந்த இடம் சரியாகுற வரைக்கும் ராத்திரி பதினொண்ணு, ரெண்டு, அஞ்சு. முழுசா எழுப்ப வேண்டாம். முதுகுப் பக்கத் தலையணையை உருவி, இன்னொரு கோணத்துல சொருகினா போதும், பாரம் மாறிடும். வீட்டுக்காரரும் ஒரு முறை எழுந்திரிக்கட்டும். அவங்க அம்மாதானே.

---

அம்மாவுக்காக_ஒருவன் | புதன், காலை 9.33

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அம்மாவுக்குப் பக்கவாதம், நான் ஒரே மகன், நான்தான் டயபர் மாற்றுகிறேன். பிட்டத்தின் நடுவிலும் தொடை இடுக்கிலும் செக்கச் செவேலென்று, ஈரமாக, மேல்தோல் உரிந்த மாதிரி. படுக்கைப் புண் என்று நினைத்து பீட்டாடின் போட்டேன், எரிகிறது என்று அழுகிறார். படமும் எடுத்து வைத்திருக்கிறேன், ஆனால் போட மனம் வரவில்லை.

---

இரவுப்பணி_லெஸ்டர் | புதன், மதியம் 1.15

படம் போடாதீர்கள், சொன்னதே போதும். இது டயபர் ஈரத்தால் வந்த வெந்த புண்ணாகத்தான் தெரிகிறது. பாரத்தால் வரும் புண் எலும்புக்கு நேர் மேலே, ஓரம் தெளிவாக, பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கும். ஈரத்தால் வருவது பரவலாக, ஓரம் கலங்கி, மடிப்புக்குள்ளும் இருக்கும், எரிச்சல் அதிகம். இரண்டும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தும் வரும் என்பதால் திருப்புவதையும் விட வேண்டாம்.

சிறுநீரைவிட மலம் தோலுக்குக் கெடுதல். இரண்டும் கலந்தால் இன்னும் மோசம். வயிற்றுப்போக்கு இருந்தால் ஒரே நாளில் உரிந்துவிடும். நம் தோல் லேசான அமிலத் தன்மை உள்ளது, நாலரையிலிருந்து ஐந்தரை வரை பி.எச். குளியல் சோப்போ ஒன்பது, பத்து. ஒவ்வொரு முறை டயபர் மாற்றும்போதும் சோப்புப் போட்டால் தோலின் அரண் மீளவே நேரம் கிடைக்காது. வெதுவெதுப்பான நீர், மெல்லிய பருத்தித் துணி, முன்னிருந்து பின்னாக. மலம் ஒட்டியிருந்தால் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் அல்லது திரவ பாரஃபின் தொட்டு எடுங்கள், சுரண்ட வேண்டாம். தண்ணீரில் கிருமிநாசினி கலக்க வேண்டாம். ஒற்றி உலர்த்தி, ஜிங்க் ஆக்சைடு களிம்பு அல்லது வாசலின். அடுத்த முறை அழுக்கான மேல் அடுக்கை மட்டும் துடைத்துவிட்டு, அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளைக் களிம்பை அப்படியே விட்டு மேலே பூசுங்கள். அதைத் துப்புரவாக எடுக்கிறேன் என்று தேய்ப்பதில்தான் பாதிப் பேர் தோலை உரிக்கிறார்கள். வாசலினை அப்பினால் டயபர் ஈரத்தை உறிஞ்சாது, மெல்லிய படலம் போதும்.

சிவப்பின் ஓரத்தில் குட்டிக் குட்டிப் பருக்கள் தனித்தனியாகச் சிதறி இருந்தால் பூஞ்சை சேர்ந்திருக்கிறது. அதற்குக் க்ளோட்ரிமசோல் க்ரீம் வேண்டும், டாக்டரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். மெடிக்கலில் பூஞ்சைக்கென்று நீட்டும் பல ட்யூபில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். தொடை இடுக்கில் அது தோலை இன்னும் மெலிதாக்கும். அட்டையைப் படித்து வாங்குங்கள்.

இரண்டு மணிக்கொரு முறை டயபரைப் பாருங்கள். பகலில் சில மணி நேரம் டயபர் இல்லாமல் அண்டர்பேட் (ஈரம் உறிஞ்சும் விரிப்பு) மட்டும் விரித்துக் காற்றோட்டமாக விடுங்கள்.

---

சிஸ்டர்_ஓய்வு | புதன், மாலை 4.50

தம்பி, ஒண்ணு சொல்லவா. அம்மாவுக்கு நீ மாத்துறதுல கூச்சம் இருக்கும், உனக்கும் இருக்கும். இடுப்புக்கு மேல ஒரு துண்டைப் போட்டு மூடிட்டு, என்ன செய்யப்போறேன்னு முன்னாடியே சொல்லிட்டுச் செய். கதவைச் சாத்திக்கோ. கூச்சத்துக்காகச் சீக்கிரம் முடிக்கணும்னு அவசரமாத் துடைக்கிறதுலதான் தோல் போகுது.

உங்க பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளு. 2021-ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே வந்து பார்க்குற நோய்த்தணிப்பு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் உண்டு. படுத்திருக்குறவங்க வீடுன்னு பேரைப் பதிஞ்சு வச்சுக்கோ. டிரெஸ்ஸிங் செய்யக் கத்தும் கொடுப்பாங்க.

---

கோவை_மூர்த்தி | புதன், இரவு 8.05

ஏர் பெட் (பம்ப்ல காத்து ஏறி இறங்குற மெத்தை) வாங்கினா இந்தத் திருப்புற வேலையெல்லாம் மிச்சம்தானே? கடைக்காரர் அப்படித்தான் சொன்னார்.

---

பிசியோ_மதுரை | புதன், இரவு 8.40

கடைக்காரர் வித்தாச்சு, போயாச்சு. ஏர் பெட் உதவும், திருப்புறதுக்கு மாத்து கிடையாது. நான் போற வீடுகள்ல பார்க்குற கூத்தைச் சொல்றேன். ஏர் பெட் மேல ரப்பர் மேக்கின்டாஷ், அது மேல மடிச்ச போர்வை, அது மேல விரிப்பு, அது மேல அண்டர்பேட், அதுக்கும் மேல டயபரோட ஆள். அடியில காத்து ஏறி இறங்குறது மேல இருக்குறவருக்கு எட்டவே எட்டாது. ஒரே ஒரு விரிப்பு, தேவைன்னா ஒரு அண்டர்பேட், அவ்வளவுதான்.

பம்ப்ல எடைக்குத் தகுந்த மாதிரி திருகு இருக்கும். "நல்லா கல்லு மாதிரி இருக்கட்டும்"னு முழுசாத் திருகி வைப்பாங்க. சரியா இருக்கான்னு பார்க்க, ஆள் படுத்திருக்கும்போது இடுப்புக்கு நேரா ஏர் பெட்டுக்கும் அடி மெத்தைக்கும் நடுவுல கையை விடுங்க. எலும்பு உங்க கையில இடிச்சா காத்துப் பத்தலை. வெறும் பலகை மேல ஏர் பெட்டைப் போடாதீங்க, அடியில சாதா மெத்தை இருக்கணும். கரண்ட் போனா காத்து இறங்கிடும்; பம்ப் கொஞ்ச மின்சாரம்தான் எடுக்கும், இன்வெர்ட்டர் லைன்ல கொடுத்துடுங்க.

---

கோவை_மூர்த்தி | வியாழன், காலை 7.30

நன்றி. நீங்க சொன்ன அடுக்கு அப்படியே எங்க வீடு. தாத்தாவுக்கு இன்னொரு பிரச்சினை. ஊசி போட்ட இடத்துல ஒட்டின பிளாஸ்டரை எடுத்தப்போ முன்கை தோல் ஒரு முக்கோணமா கிழிஞ்சு மடங்கி நிக்குது. அதை வெட்டி எடுத்துடலாமா? அவர் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவர்.

---

இரவுப்பணி_லெஸ்டர் | வியாழன், காலை 10.26

வெட்டாதீர்கள்! அந்தத் தோல்தான் அவருக்குச் சிறந்த டிரெஸ்ஸிங். சுத்தமான காஸ் துணி வைத்து மெல்ல அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்துங்கள். சலைனால் கழுவுங்கள். மடங்கிய தோலை, சலைனில் நனைத்த பஞ்சுக் குச்சியால் உருட்டி உருட்டிப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இழுத்து ஓரத்தோடு ஓரம் சேர்க்க முயல வேண்டாம், வருகிற அளவு வரட்டும். மேலே ஒட்டாத டிரெஸ்ஸிங், சிலிக்கோன் வலையோ பாரஃபின் காஸோ. அதன் மேல் பேனாவால் ஓர் அம்புக்குறி போடுங்கள், தோல் ஒட்டியிருக்கும் பக்கத்திலிருந்து கிழிந்த முனையை நோக்கி. அடுத்து யார் பிரித்தாலும் அந்தத் திசையிலேயே பிரிக்க வேண்டும், எதிர்ப்பக்கம் இழுத்தால் திரும்பக் கிழியும். பிளாஸ்டர் வேண்டாம், சுற்றுத்துணியால் லேசாகக் கட்டுங்கள். ரத்தம் நிற்கவில்லை என்றாலோ, தோல் கருத்தாலோ, தோலே இல்லாமல் போயிருந்தாலோ ஆஸ்பத்திரி. டெட்டனஸ் ஊசியும் கேளுங்கள்.

இனி பிளாஸ்டர் எடுக்கும்போது பிளாஸ்டரைப் பிடித்து மேலே இழுக்காதீர்கள். ஓரத்தில் எண்ணெய் தொட்டு, பிளாஸ்டரை ஒரு கையால் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் தோலை அதிலிருந்து தள்ளிவிட்டுக்கொண்டே போக வேண்டும். முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள், கட்டில் கம்பிக்குத் துணி சுற்றுங்கள்.

---

நெல்லைப்பெண் | அடுத்த புதன், காலை 10.40

தகவல் சொல்ல வந்தேன். சூடு இல்ல, கெட்டித்தனம் போயிடுச்சு, நிறம் மட்டும் கொஞ்சம் நிக்குது. டாக்டரும் பார்த்தார், சரின்னார். அந்த அக்காகிட்ட சிஸ்டர் எழுதினதைப் படிச்சுக் காட்டினேன், ஸ்பிரிட் பாட்டிலை அவங்களே எடுத்து வச்சுட்டாங்க. நோட்டும் போட்டாச்சு. ராத்திரி ரெண்டு மணி வீட்டுக்காரர் முறை.

ஒரு சந்தேகம். அத்தை காலையில ரெண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி கஞ்சி. சர்க்கரைக்காகக் குறைச்சுச் சாப்பிடுறாங்க. தோலுக்கு இது போதுமா?

---

சிஸ்டர்_ஓய்வு | அடுத்த புதன், மதியம் 12.15

போதாது. புண் வரக்கூடிய நிலையில இருக்குறவங்களுக்கு கிலோவுக்கு ஒண்ணேகால்ல இருந்து ஒன்றரை கிராம் புரதம் வேணும். அத்தை 48 கிலோன்னு வச்சுக்கோ, 60-ல இருந்து 72 கிராம். நீ சொன்ன சாப்பாட்டுல அதுல கால்வாசி தேறினா பெரிசு. ஒரு முட்டையில ஆறு கிராம், ஒரு டம்ளர் பால்ல ஆறேழு. ரசத்துக்குப் பதிலா கெட்டிப் பருப்பு, சாப்பிடுவாங்கன்னா மீன், கஞ்சியில பாசிப்பருப்பு, நடுவுல தயிர், வேக வச்ச சுண்டலை மசிச்சு. அரிசியைக் குறைச்சு இதைக் கூட்டினா சர்க்கரைக்கும் நல்லதுதான். ஆனா கிட்னி எப்படி இருக்குன்னு கிரியாட்டினின் பார்த்துட்டு டாக்டரைக் கேட்டுக் கூட்டு. பல்செட் தளர்ந்திருக்கான்னும் பாரு. கஞ்சி கேக்குறவங்க பல பேருக்கு மெல்ல முடியாம இருக்கும், வெளிய சொல்ல மாட்டாங்க.

---

புதியவள்_தஞ்சை | அடுத்த வெள்ளி, மாலை 5.20

இழை முழுக்கப் படிச்சேன். எங்க அப்பாவுக்கு 82, நடமாடுறார், புண் எதுவும் இல்ல. ராத்திரி முழுக்க அரிப்பு. வறட்சின்னு நினைச்சு எண்ணெய் வாசலின் எல்லாம் போட்டாச்சு. சொறிஞ்சு சொறிஞ்சு வயித்துலயும் தொடையிலயும் தடிப்புத் தடிப்பா இருக்கு. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார்.

---

இரவுப்பணி_லெஸ்டர் | அடுத்த வெள்ளி, இரவு 9.47

மாய்ஸ்சரைசர் போட்டும் அடங்காத அரிப்பை வறட்சிக் கணக்கில் எழுதக் கூடாது.

முதலில் வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள் சுற்றி, பிறப்புறுப்பில் சிறு பருக்கள் இருக்கிறதா? இருந்தால் சிரங்குப் பூச்சி. அதற்கான பெர்மெத்ரின் க்ரீமை வீட்டில் அரிப்பு இல்லாதவர்களும் சேர்த்து ஒரே ராத்திரி பூச வேண்டும், ஒரு வாரம் கழித்துத் திரும்ப ஒரு முறை. அப்பாவுக்கு மட்டும் பூசினால் சுற்றிச் சுற்றி வரும்.

இரண்டாவது, சர்க்கரை மாத்திரையின் பெயர் என்ன? வில்டாகிளிப்டின் போல 'கிளிப்டின்' என்று முடிகிறதா? காப்புரிமை 2019 கடைசியில் முடிந்து விலை இறங்கியபின் நம் ஊரில் நிறையப் பேர் அதை எடுக்கிறார்கள், நல்ல மருந்துதான். ஆனால் அதை எடுக்கும் முதியவர்கள் சிலருக்கு புல்லஸ் பெம்ஃபிகாய்டு என்ற கொப்புள நோய் வருகிறது. கொப்புளம் கிளம்புவதற்கு வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் முன்பே, நீங்கள் சொல்வது மாதிரி வெறும் அரிப்பும் தடிப்புமாகத் தொடங்கும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, ரத்த சோகை பார்க்கும் ரத்தப் பரிசோதனைகளும் தேவைப்படும். தோல் டாக்டரிடம் போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், எந்த மாதம் எது தொடங்கியது என்று எழுதி. இடையில் கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள், அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

---

புதியவள்_தஞ்சை | அடுத்த வெள்ளி, இரவு 10.02

அட்டையைப் பார்த்தேன். வில்டாகிளிப்டினும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது, தீபாவளிக்கு அப்புறம்தான் மாத்தினாங்க. திங்கட்கிழமை தோல் டாக்டருக்கு டோக்கன் போட்டுட்டேன்.